மார்பைப் பிளக்காத ரண சிகிச்சை

இருதயத் தமனியில் கொழுப்புப் படிந்து அடைத்துக்கொண்டால், அடைப்பைத் தொடாமல் அதற்கு அப்பால் வேறொரு குழாயைக் கொண்டுபோய் இணைத்து ரத்தத்துக்குப் புறவழி அமைக்கும் பைபாஸ் ரண சிகிச்சையின் சரித்திரத்தை, 1967-ல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரத்தில் அர்ஜென்டினா தேசத்தவரான ரெனே ஃபவலோரோ காலின் சிரையை எடுத்துத் தைத்த நாளிலிருந்து தொடங்குவதே பெரும்பாலோர் வழக்கம். ஆனால் அதற்கு மூன்றாண்டு முன்பே, 1964 பிப்ரவரியில், லெனின்கிராட் நகரத்து வாசிலி கொலெசோவ், மார்பெலும்பைப் பிளக்காமல் இடப்பக்க விலா இடுக்கின் வழியே புகுந்து, துடித்துக்கொண்டிருந்த இருதயத்தின் மீதே, மார்புச் சுவரின் உட்புறம் ஓடும் தமனியை இருதயத் தமனியோடு இணைத்திருந்தார். பிற்காலத்து ரோபோ சிகிச்சையின் லட்சணங்களில் ரோபோ ஒன்று நீங்கலாக மற்றவையெல்லாம் அதிலேயே அடங்கியிருந்தன என்பது என் துணிபு.

ஆயினும் வைத்திய உலகம் அவ்வழியே செல்லவில்லை. செல்லாததற்கு நியாயமும் இருந்தது. பிலடெல்பியாவில் ஜான் கிப்பன் 1953-ல் வெற்றி கண்ட இருதய-நுரையீரல் யந்திரம் கைவசமிருக்க, மார்பெலும்பை மேலிருந்து கீழ்வரை அறுத்து விரித்து, இருதயத்தை நிறுத்தி, மூன்று நான்கு இடங்களில் நிதானமாகத் தைக்க முடிந்ததோடு, ரத்தம் பீறிட்டால் அக்கணமே விரலால் அழுத்தவும் இடமிருந்தது. திறந்த மார்பே விதியாக இருந்த அந்தக் காலத்தில்தான், 1975-ல், பெரம்பூர் ரயில்வே ஆஸ்பத்திரியில் டாக்டர் கே. எம். செரியன் இந்தியாவின் முதல் பைபாஸைச் செய்தார். கொலெசோவ் தேர்ந்துகொண்ட மார்புத் தமனியைப் பெற்றவர்கள், காலின் சிரையை மட்டும் பெற்றவர்களைவிட அதிகமாகப் பத்தாண்டுக்குப் பின்னும் உயிர்வாழ்கிறார்கள் என்று கிளீவ்லாந்து நிபுணர்கள் 1986-ல் கணக்குக் காட்டியதும், இனி மாற வேண்டியது தையலன்று, காயத்தின் அளவே என்ற எண்ணம் வலுப்பட்டது.

யுத்தகளத்தில் காயமுற்றவனுக்குத் தூரத்திலிருந்தே சிகிச்சை செய்யலாமென்ற அமெரிக்க ராணுவத்தின் ஆசையில் வளர்ந்த ஆராய்ச்சியின் பயனாகிய டாவின்சி என்னும் ரோபோ யந்திரத்தைக் கொண்டு, 1998-ல் பாரிஸில் லூல்மே, கார்ப்பென்டியே குழுவினர் முதன்முதலாகச் சிறு துளைகளின் வழியாகவே பைபாஸை முடித்தார்கள். நிபுணர் சில அடி தள்ளி உட்கார்ந்து, பெரிதாக்கப்பட்ட முப்பரிமாணக் காட்சியில் கண் பதித்து விரல்களை அசைக்க, நோயாளியின் மார்புக்குள் ஒரு நுரையீரல் சுருக்கப்பட்டுக் கிடக்கும் குறுகிய இடத்தில், கருவியின் சின்னஞ்சிறு மணிக்கட்டு, கைநடுக்கம் வடிக்கப்பட்டு, இரண்டு மில்லிமீட்டர் விட்டமுள்ள குழாயை மயிரிழை போன்ற நூலால் தைக்கிறது. ஆனால் அந்த யந்திரம் ஸ்பரிசத்தை அவர் விரலுக்குக் கொண்டுவரவில்லை. நூல் அறுமோ, தசை கிழியுமோ என்பதைக் கண்ணால் மட்டுமே ஊகித்தாக வேண்டியிருந்தது. பெருகும் ரத்தத்தை நிறுத்த வேண்டுமானால், யந்திரக் கைகளை விலக்கிவிட்டுத்தான் மார்பைத் திறக்கலாம். அந்தச் சில நிமிஷங்களே இம்முறையின் உண்மையான அபாயம்.

2006-ல் வெளிவந்த அமெரிக்கப் பரிசோதனையொன்றில், ஒரே தமனி அடைபட்ட 98 பேரைச் சேர்த்தார்கள். அவர்களில் 13 பேருக்கு இம்முறை ஏற்றதன்று என்று அறுவை மேஜையிலேயே கைவிடப்பட்டது. எஞ்சிய 85 பேரில் ஐவருக்கு நடுவில் மார்பைத் திறக்க நேர்ந்தது. மரணமோ பக்கவாதமோ ஒருவருக்கும் இல்லை. மூன்று மாதத்துக்குப் பின் கணக்கிட்டபோது, இணைப்புப் பழுதோ மறு சிகிச்சையோ இல்லாதிருந்தவர்கள் நூற்றுக்கு 91 பேர். இந்த எண்களை வைத்துப் புதுமுறையே உயர்ந்ததென்று முழங்குகிறவர்கள், பொறுக்கியெடுத்த நோயாளிகளை, மூன்று தமனியும் அடைபட்டு வந்த முதியவர்களோடு ஒப்பிடுகிறோம் என்பதை மறந்துவிடுகிறார்கள். நடுவில் மார்பைத் திறந்ததைத் தோல்வியென்று எண்ணுவதும் எனக்கு உடன்பாடன்று. தக்க தருணத்தில் திறக்கத் துணிந்ததனாலேயே பிழைத்தவர் இருப்பார்.

துடிக்கும் இருதயத்தை அமர்த்திப் பிடிக்கும் உபகரணம் 2014-ல் வந்த டாவின்சியின் புதிய மாதிரிக்குக் கிடைக்காமற்போனதும், கற்றுத் தேற நெடுங்காலம் பிடித்ததும் சேர்ந்து, பல இடங்களில் முழுத்தையலையும் யந்திரத்திடம் விடும் ஆர்வத்தைக் குறைத்துவிட்டன. மார்புத் தமனியைப் பிரித்தெடுப்பதோடு ரோபோவை நிறுத்திக்கொண்டு, சிறு கீறலின் வழியே நிபுணர் தம் கையாலேயே தைத்து, மற்றத் தமனிகளின் அடைப்பை ஸ்டென்ட் வைத்துத் திறக்கும் கலப்பு முறையையே அங்கெல்லாம் கைக்கொள்கிறார்கள். பிளந்த மார்பெலும்பு கூடாமல் சீழ் கோக்கும் அபாயம் அதிகமுள்ள நீரிழிவு நோயாளிகளுக்கு இது பெரிய அனுகூலம். ஏற்கெனவே நுரையீரல் பழுதுற்று, ஒன்றைச் சுருக்கினால் மூச்சுத் தாங்காதவர்களுக்கோ, பழைய திறந்த முறையே க்ஷேமம்.