எலக்ட்ரானுக்கு முன் பிறந்த கோடு

பள்ளி நூல்களில் வேதிப்பிணைப்புப் பாடம் பெரும்பாலும் எலக்ட்ரானில் தொடங்குகிறது. வெளிக்கூட்டில் எட்டு எலக்ட்ரான்கள் அமைவதற்காக அணுக்கள் அவற்றைக் கொடுக்கின்றன, பெறுகின்றன, அல்லது பகிர்ந்துகொள்கின்றன. பகிர்ந்த இணையைக் கோட்டால் குறிக்கிறோம். கற்பிக்க எளிய வரிசைதான். ஆனால் வரலாறு இதற்கு நேர்மாறாக நடந்தது. கோடு 1858இல் வரையப்பட்டது, ஜே. ஜே. தாம்சன் எலக்ட்ரானைக் கண்டறிந்ததோ 1897இல்.

ஓர் அணு எத்தனை அணுக்களோடு சேரும் என்பதற்கு வரம்பு உண்டென்று 1852இல் எட்வர்ட் ஃபிராங்க்லாண்ட் கண்டார். இணைதிறன் என்னும் கருத்தின் தொடக்கம் அதுவே. 1858இல் பாரிசில், அடோல்ஃப் வூர்ட்சின் ஆய்வகத்தில் பணியாற்றிய ஸ்காட்லாந்து இளைஞர் ஆர்ச்சிபால்ட் கூப்பர், கார்பனின் இணைதிறன் நான்கு என்றும் கார்பன் அணுக்கள் தமக்குள் சங்கிலியாக இணையும் என்றும் எழுதி, அணுக் குறியீடுகளுக்கிடையே கோடுகளை இட்டார். அக்கட்டுரையைப் பிரெஞ்சு அறிவியல் கழகத்தின்முன் வைப்பதில் காலம் தாழ்ந்தது. அதற்குள் ஆகஸ்ட் கெக்குலே அதே கருத்தை வெளியிட்டுவிட்டார். வூர்ட்சோடு பிணங்கி ஆய்வகத்தைவிட்டு நீங்கிய கூப்பர், உளநலம் குன்றி, 1892இல் மறையும்வரை ஆய்வுலகுக்குத் திரும்பவேயில்லை. அவர் இட்ட கோடு மட்டும் நிலைத்தது.

‘பிணைப்பு’ எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல்லை 1866இல் ஆண்ட ஃபிராங்க்லாண்ட், அணுக்களுக்கிடையே பருப்பொருளான கட்டு ஏதும் இருப்பதாகத் தாம் கருதவில்லை என்றும் தெளிவுபடுத்தினார். அப்படியானால் அக்கோடு எதைக் குறிக்கிறது? இவ்வினாவுக்கு விடை கிடைக்க ஐம்பது ஆண்டுகளாயின. 1916இல் வால்தர் கோசல் அயனிச் சேர்மங்களை எலக்ட்ரான் இடமாற்றத்தால் விளக்கினார். அதே ஆண்டில் கில்பர்ட் லூயிஸ், ஒரு கோடு என்பது இரு அணுக்களுக்கும் பொதுவான ஓர் எலக்ட்ரான் இணை என்றார். சகப்பிணைப்புக்குரிய ஆங்கிலப் பெயரை 1919இல் சூட்டியவர் இர்விங் லாங்மியூர். அவ்விணை ஏன் அணுக்களைப் பிணைக்கிறது என்பதை 1927இல் ஹைட்லரும் லண்டனும் ஹைட்ரஜன் மூலக்கூறைக் கொண்டு குவாண்டம் இயக்கவியலால் விளக்கினர்: தனித்திருப்பதைவிடச் சேர்ந்திருக்கையில் ஆற்றல் குறைவு.

மொழியியல் பயின்றவர்களுக்கு இது வியப்பன்று. குறி முதலில் வரலாம். அதன் பொருள் பின்னர்த் தெளியலாம். இவ்வரிசையை மறைத்துக் கற்பிக்கும்போதுதான் இடர் நேர்கிறது. அணுக்கள் எட்டை ‘விரும்புகின்றன’ என்று மாணவர் நம்பிவிடுகிறார். ஹைட்ரஜன் மூலக்கூறில் இருப்பவை இரண்டே எலக்ட்ரான்கள். போரான் டிரைஃபுளூரைடில் போரானைச் சூழ்ந்தவை ஆறே. எட்டு என்பது பல சேர்மங்களுக்குப் பொருந்தும் கணக்கு. பிணைப்பின் காரணம் அன்று.

கரும்பலகையில் கோடு வரையும் ஆசிரியர், அதனை வரைந்தவருக்கே அதன் உட்பொருள் தெரியாது என்று ஒரு வரி சொன்னால் போதும். விதியாக நின்ற பாடம் வினாவாக மாறும்.