அங்கொடையிலிருந்து எமது வாசற்படி வரை

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாக வாசியுங்கள்.

"உன்ன அங்கொடைக்குத்தான் அனுப்பணும்." எங்கள் வகுப்பறைகளில் பிள்ளைகள் ஒருவரையொருவர் ஏசும்போது இன்னும் காதில் விழும் வசனம் இது. அங்கொடை எங்கே இருக்கிறது என்று கேட்டால் பலருக்குத் தெரியாது. ஓர் ஊரின் பெயர் ஏச்சாக மாறிய கதையைத் தேடினால், மனநோய் வந்த ஒருவரை நாம் ஏன் இன்னும் பின்னறையில் மறைக்கிறோம் என்பதற்குப் பாதி விடை கிடைக்கிறது.

ஆங்கிலேயர் காலத்தில் மனநோயாளிகளுக்கென்று 1847இல் பொரளையில் ஒரு காப்பகம் திறக்கப்பட்டது. 1873இல் அதற்கான கட்டளைச் சட்டம் வந்தது. நீதிமன்றக் கட்டளையின் பேரில் ஒருவரைக் காப்பகத்தில் வைத்துக்கொள்ளும் ஏற்பாடு அது. வைத்தியர் ஒரு பக்கம் இருக்க, பொலிஸும் நீதவானும் நோயாளிக்கும் வீட்டுக்கும் நடுவில் வந்து நின்றார்கள். காய்ச்சல்காரனை யாரும் கோர்ட்டுக்குக் கொண்டுபோவதில்லை. இவர்களை மட்டும் கொண்டுபோனார்கள். ஊர் அதைப் பார்த்தது, மனநோய் என்றால் குற்றம் போன்ற ஒன்று என்று படித்துக்கொண்டது. 1926இல் அங்கொடை வைத்தியசாலை, 1958இல் முல்லேரியா. இரண்டும் கொழும்புப் பக்கம். அங்கொடை கொள்ளளவை மீறி நிரம்பி வழிந்தது.

கல்முனையிலிருந்தோ பொத்துவிலிலிருந்தோ ஒரு வாப்பா தன் மகனை அங்கே கொண்டுபோய்விட வேண்டுமானால் முந்நூறு கிலோமீற்றருக்கும் மேலான பயணம். விட்ட பிறகு வருடத்தில் எத்தனை தடவை போய்ப் பார்க்க முடியும்? அங்கே பேசுவது அவனுக்குப் புரியாத பாஷை. ஆகவே ஏலாதவர்கள் வீட்டிலேயே வைத்துக்கொண்டார்கள். ஓதிப் பார்த்தார்கள், இஸிம் கட்டினார்கள், கந்தூரி நேர்ந்தார்கள், பரிசாரியிடம் எண்ணெய் வாங்கித் தலையில் வைத்தார்கள். எதுவும் சரிவராதபோது சங்கிலியும் வந்தது. அந்த உம்மா வாப்பாமாரை நாங்கள் குறை சொல்லத் தயாரில்லை. அவர்கள் கைக்கெட்டிய தூரத்தில் வேறென்ன இருந்தது?

ஆனால் "இது நம் மார்க்கத்தில் வழமை" என்று யாராவது சொன்னால் அதை ஒப்புக்கொள்ள முடியாது. டமஸ்கஸில் 1154இல் நூருத்தீன் கட்டிய பீமாரிஸ்தானும், கெய்ரோவில் 1284இல் சுல்தான் கலாவூன் கட்டிய மருத்துவமனையும் வக்ஃபு வருமானத்தில் நடந்தவை. கெய்ரோ மருத்துவமனையில் மனநோயாளிகளுக்குத் தனிப் பகுதியே இருந்தது. அதற்கும் முன்னர், 934இல் வஃபாத்தான அபூ ஸைத் அல்-பல்கி, உடலின் நலத்தையும் உள்ளத்தின் நலத்தையும் ஒரே நூலில் சேர்த்து எழுதினார். கவலை, பயம், கோபம், விடாமல் திரும்பத் திரும்ப வரும் எண்ணங்கள் எல்லாவற்றையும் தனித்தனியாகப் பிரித்துப் பேசினார். மனம் சோர்ந்தவனைப் பார்த்து "ஈமான் குறைவு" என்று இலேசாகச் சொல்லிவிடுகிறோம். யூஸுஃப் நபியை இழந்த துக்கத்தில் அழுதழுது கண் வெளுத்துப்போன யஃகூப் நபிக்கு (அலை) ஈமான் குறைவா?

இனி நம் நாட்டின் மிகக் கசப்பான பக்கம். 1995இல் இலங்கையில் ஒரு இலட்சம் பேருக்கு 47 பேர் தற்கொலை செய்துகொண்டார்கள். உலகிலேயே மிக உயர்ந்த வீதங்களில் ஒன்று அது. அதிகம் பறிபோனவை கிராமத்து உயிர்கள், வயலும் தோட்டமும் உள்ள இடங்களில். அது ஹராம் என்று எல்லோருக்கும் தெரியும். தெரிந்ததாலேயே பேசாமல் இருந்தோம். பிழைத்து வந்தவர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கும்போதே பொலிஸுக்குப் பதில் சொல்லவேண்டி இருந்தது. ஏனென்றால் 1883ஆம் ஆண்டுத் தண்டனைக் கோவையின்படி தற்கொலை முயற்சி குற்றம். 1998இல்தான் அந்தப் பிரிவு நீக்கப்பட்டது. இது நீக்கப்பட்டதை இன்னும் அறியாமல், கேஸ் வரும் என்று பயந்து வைத்தியரிடம் உண்மையை மறைக்கும் குடும்பங்கள் உண்டு. அவர்களுக்குச் சொல்லுங்கள்.

அந்த வீதம் எப்படிக் குறைந்தது என்பதில் சமூக வேலை செய்கிற நம் எல்லோருக்கும் ஒரு பாடம் இருக்கிறது, கொஞ்சம் சங்கடமான பாடம். 1974இல் கொழும்பில் ஜோன் டி மெல் அம்மையார் தொடங்கிய சுமித்ரயோ அமைப்பு, பின்னர் கிராமங்களுக்கும் தொண்டர்களை அனுப்பியது. வீடு வீடாகப் போய், உட்கார்ந்து, கேட்டுக்கொண்டிருப்பதுதான் அவர்கள் வேலை. நல்ல வேலை. பிறகு அநுராதபுர மாவட்டத்தில் இன்னொரு முயற்சி: கிருமிநாசினிப் போத்தல்களைப் பூட்டி வைக்க வீடுகளுக்குப் பெட்டி கொடுத்தார்கள். 180 கிராமங்களை எடுத்து, பாதிக்குப் பெட்டி கொடுத்து, பாதிக்குக் கொடுக்காமல், மூன்று வருடம் கவனித்தார்கள். கேட்டால் யாருக்கும் நல்ல யோசனை என்றே தோன்றும். 2017இல் முடிவு வெளியானபோது இரண்டு பக்கத்துக்கும் வித்தியாசம் தெரியவில்லை. பெரிய மாற்றத்தைக் கொண்டுவந்தது மிகக் கொடிய கிருமிநாசினிகளை 1984 முதல் படிப்படியாக அரசாங்கம் தடைசெய்ததுதான். 1995, 1998, பின்னர் 2008 முதல் 2011 வரை என்று தடைகள் தொடர்ந்தன. 1995க்கும் 2015க்கும் இடையில் 93,000 உயிர்கள் காப்பாற்றப்பட்டிருக்கும் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். விழிப்புணர்வு ஊர்வலம் போய் பெனர் பிடித்துப் படம் எடுத்துவிட்டு, வேலை முடிந்தது என்று நினைக்கும் நாங்கள் உட்பட எல்லோரும் இதை யோசிக்க வேண்டும்.

தடை உயிரைக் காப்பாற்றும். ஆனால் மனம் உடைந்தவனோடு பேச ஆள் வேண்டும். அந்த ஆட்கள் எங்கிருந்து வந்தார்கள்? வடக்கில் யுத்தத்துக்கு நடுவே பேராசிரியர் தயா சோமசுந்தரமும் சாந்திகமும் ஆசிரியர்களையும் ஊர்த் தொண்டர்களையும் பயிற்றுவித்தார்கள். வைத்தியர் கைவிரல் விட்டு எண்ணும் அளவுக்கே இருந்ததால் வேறு வழி இல்லை. கிழக்கில் நமக்கு அந்தப் பாடத்தைக் கற்பித்தது 2004 டிசம்பர் 26. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர். மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, மாளிகைக்காடு... ஜனாஸாவைக்கூடக் காணாத வீடுகள். வெளிநாட்டவர் பலர் வினாக்கொத்தோடு வந்திறங்கினார்கள். அதே காலத்தில் காயத்திரி பெர்னாண்டோ என்ற உளவியல் ஆய்வாளர் நம் மக்களின் பேச்சைக் கேட்டார். துயரத்தைப் பற்றிக் கேட்டால் இவர்கள் உடம்பு நோவையும் உறவு அறுந்ததையும்தான் சொல்கிறார்கள் என்று கண்டார். நம் உம்மாமார் "நெஞ்சு எரியுது, தல சுத்துது" என்று சொல்வது அதுதானே.

சுனாமிக்குப் பிறகுதான் பாதிக்கப்பட்ட ஊர்களிலேயே ஆட்களைத் தெரிந்து, குறுகிய பயிற்சி கொடுத்து, சமூக உதவி உத்தியோகத்தர்கள் என்று வீடுகளுக்கு அனுப்பினார்கள். இவர்கள் வைத்தியர்கள் அல்லர். எந்த வீட்டில் யார் மறைக்கப்பட்டிருக்கிறார் என்று கண்டுபிடித்து, கிளினிக்குக்குக் கூட்டிப்போய், மருந்து நிற்காமல் பார்த்துக்கொண்டவர்கள். 2005 ஒக்டோபரில் அமைச்சரவை அங்கீகரித்த மனநலக் கொள்கை, அங்கொடையை நோக்கிப் போகும் பாதையைத் திருப்பி மாவட்டங்களுக்குக் கொண்டுவரச் சொன்னது. முந்நூறு கிலோமீற்றர் பயணம் இன்று பல ஊர்களில் ஒரு பஸ் பயணமாகச் சுருங்கியிருக்கிறது.

இருந்தும் போகமாட்டோம். மகளுக்குக் கல்யாணம் பேசும்போது மருந்தை நிறுத்திவிடுகிறோம். கிளினிக்கில் தெரிந்த முகம் தென்பட்டால் திரும்பி வந்துவிடுகிறோம். ஓதிப் பார்ப்பது வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. ஓதிவிட்டு மருந்தையும் கொடுக்கச் சொல்கிறோம். இதை நாங்கள் சொல்வதைவிட ஜும்ஆ மிம்பரிலிருந்து மவ்லவி ஒருவர் சொன்னால் பத்து மடங்கு கேட்கும். இரவில் யாருக்காவது அவசரமென்றால் தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு எந்நேரமும் அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். தேசிய மனநல நிறுவனம் என்பது வேறெதுவும் அல்ல, அந்த அங்கொடையேதான். 2008இல் பெயர் மாறியது.

2005, 2006 காலத்தில் நம் பகுதியில் வீடு வீடாகப் போன தொண்டர்களில் சிலருக்கு இன்று வயதாகிவிட்டது. சிலர் வெளிநாட்டில். எந்தக் கொப்பியிலும் அவர்கள் பெயர் இல்லை. அவர்களை உங்களுக்குத் தெரிந்தால் எங்களுக்கு அறியத்தாருங்கள். அவர்கள் சம்மதித்தால் நேரில் போய், அவர்கள் வாயாலேயே கேட்டு எழுதிவைக்க விரும்புகிறோம்.