சர்க்கரையும் புரோஸ்டேட்டும்

எங்கள் வயதுக்காரர்கள் நாலு பேர் கூடினால் பேச்சு சர்க்கரையில் ஆரம்பித்துப் புரோஸ்டேட்டில் போய் நிற்கிறது. இரண்டுக்கும் உறவு உண்டா என்று சிலர் கேட்கிறார்கள். உண்டு, ஆனால் கொஞ்சம் வளைந்து போகிற உறவு.

பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன், அதனால் பாரீஸிலிருந்து தொடங்குகிறேன். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எத்தியென் லான்சரோ என்ற மருத்துவர் நீரிழிவை 'தியாபெத் மேக்ர்', 'தியாபெத் க்ரா' என்று இரண்டாகப் பிரித்தார். ஒல்லிச் சர்க்கரை, குண்டுச் சர்க்கரை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒல்லியானவர்களுக்குத்தான் கணையம் கெட்டிருந்தது. குண்டானவர்களுக்கு என்ன கோளாறு என்பது விளங்கப் பல காலம் ஆயிற்று.

1921இல் டொராண்டோவில் இன்சுலினைக் கண்டுபிடித்தது எல்லோருக்கும் தெரிந்த கதை. ரத்தத்தில் அது எவ்வளவு இருக்கிறது என்று நுட்பமாக அளக்கும் முறை 1960 வாக்கில்தான் வந்தது. நியூயார்க்கில் ரோசலின் யாலோ, சாலமன் பெர்சன் இருவரின் வேலை அது. (பெர்சன் 1972இல் இறந்துவிட்டதால் 1977இல் நோபல் யாலோவுக்கு மட்டும் கிடைத்தது.) அளந்து பார்த்தால், நடுவயதில் சர்க்கரை வந்த பலருக்கு இன்சுலின் கூடுதலாகவே இருந்தது! உடம்பு அதன் பேச்சைக் கேட்கவில்லை. கணையம் மேலும் மேலும் சுரந்தது.

இன்சுலின் சர்க்கரைக் கணக்கை மட்டும் பார்ப்பதில்லை, செல்களை வளரவும் தூண்டுகிறது. சந்தேகம் அங்கேதான் பிறந்தது. ஷாங்காயில் நடந்து 2001இல் வெளியான ஓர் ஆய்வில், இன்சுலின் அதிகமிருந்த ஆண்களுக்குப் புரோஸ்டேட் புற்றுநோய் வாய்ப்பு, குறைவாக இருந்தவர்களைப்போல் சுமார் 2.5 மடங்கு. ஆனால் நோய் தெரிந்தபின் எடுத்த ரத்தம் அது. தேதி போடாத கோப்பு மாதிரி, எது முன், எது பின் என்று சொல்ல முடியாது.

இன்னொரு வேடிக்கை: நெடுநாள் சர்க்கரைக்காரர்களுக்கு இந்தப் புற்றுநோய் மற்றவர்களைவிடக் குறைவாகவே வருகிறதென்று பல ஆய்வுகள் காட்டின. வருஷக்கணக்கில் உழைத்த கணையம் களைத்து இன்சுலின் குறைந்துவிடுகிறது, ஆண் ஹார்மோனும் இவர்களுக்குக் குறைவு என்று விளக்கம் சொல்கிறார்கள். (இதைப் படித்துவிட்டு யாரும் இன்சுலின் ஊசியை நிறுத்திவிடாதீர்கள். அது வேறு விஷயம்.)

எனக்கு நம்பிக்கை தந்தது 2008இல் வந்த அமெரிக்க ஆய்வு. மருத்துவர்களாக இருந்த ஆண்களின் ரத்தத்தை, நோய் வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே எடுத்துப் பத்திரப்படுத்தியிருந்தார்கள். இன்சுலின் சுரப்பைக் காட்டும் சி-பெப்டைடை அதில் அளந்தார்கள். பின்னாளில் புரோஸ்டேட் புற்றுநோய் வந்தவர்களில், பருமனும் அதிக சி-பெப்டைடும் சேர்ந்திருந்தவர்கள் அந்நோயால் இறக்கும் வாய்ப்பு, இரண்டும் இல்லாதவர்களைப்போல் சுமார் 4 மடங்காக இருந்தது.