வயலின் அன்னா மரியா

விவால்டியின் 'நான்கு பருவங்கள்' இசையை ஒருமுறையாவது கேட்காதவர்கள் குறைவு. விளம்பரங்களிலும் கைப்பேசி அழைப்பிலும்கூட அது ஒலித்துக்கொண்டிருக்கிறது. ஆனால் அந்தோனியோ விவால்டி எழுதிய இசையில் பெரும்பங்கை முதன்முதலில் வாசித்தும் பாடியும் காட்டியவர்கள், பெற்றோரால் கைவிடப்பட்ட பெண்கள் என்பது பலருக்குத் தெரியாது. அவர்களில் ஒருவர் அன்னா மரியா. 1696 வாக்கில் பிறந்து 1782-இல் இறந்த அவர், வாழ்நாள் முழுவதும் வெனிஸ் நகரத்தின் ஒரே விடுதியில், ஒரே தேவாலயத்துக்காக இசைத்தவர்.

அந்த விடுதியின் பெயர் ஒஸ்பெதாலே தெல்லா பியெத்தா. 1346-இல் தொடங்கப்பட்டது. வெனிசில் இசைக்குப் புகழ்பெற்ற இத்தகைய காப்பகங்கள் நான்கு இருந்தன. பியெத்தா, கைவிடப்பட்ட குழந்தைகளுக்கானது. சுவரில் இருந்த ஒரு மாடத்தில் குழந்தையை வைத்துவிட்டுப் போய்விடலாம். யார் வைத்தார்கள் என்று யாரும் கேட்கமாட்டார்கள். சில தாய்மார் பாதியாக வெட்டிய பதக்கத்தையோ படத்தையோ குழந்தையுடன் விட்டுச்சென்றார்கள். என்றாவது மீட்க வந்தால் மறுபாதியைக் காட்டி அடையாளம் சொல்லலாம் என்ற நம்பிக்கை. காப்பகமோ குழந்தையின் உடலில் தன் முதலெழுத்தைச் சூட்டுக்குறியாக இட்டது.

வளர்ந்த பையன்கள் தொழில் கற்று வெளியேறினார்கள். பெண்கள் உள்ளேயே இருந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் தையல், பின்னல், சமையல், நோயாளிகளைக் கவனிப்பது போன்ற வேலைகளுக்குப் போனார்கள். இசைத் திறமை உள்ளவர்கள் மட்டும் 'கோரோ' என்ற இசைக்குழுவுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். தகப்பன் பெயரோ குலப்பெயரோ இல்லாத இவர்களுக்கு அவரவர் வாத்தியமோ குரலோ பெயரானது. வயலின் அன்னா மரியா, ஓபோ பெலெக்ரினா, பாஸ் அன்னா. அப்பன் பெயர் இல்லாதவளைச் சமூகம் எப்படி நடத்தும் என்று நமக்குத் தெரியும். அப்படிப்பட்ட ஒருத்தியை ஊரே அவள் வித்தையின் பெயரால் அழைத்தது சின்ன விஷயமல்ல.

ஆனால் அன்னா மரியாவுக்கு அந்தப் பெயரும் போதவில்லை. வயலினோடு செல்லோ, வியோலா தமோர், லூட், தியோர்போ, மாண்டலின், ஹார்ப்சிகார்ட் ஆகியவற்றையும் அவர் வாசித்தார். இது தனிப்பட்ட மேதைமை மட்டுமல்ல. அந்த வீட்டின் வழக்கம். 'சபைகளில் பெண்கள் பேசாதிருக்கட்டும்' என்ற கட்டளையைக் காட்டி, தேவாலய இசையிலிருந்து பெண்களைத் தள்ளி வைத்திருந்த காலம் அது. பல தேவாலயங்களில் உச்சக் குரலைக்கூடச் சிறுவர்களோ காயடிக்கப்பட்ட ஆண் பாடகர்களோதான் பாடினார்கள். இந்த விடுதிகளிலோ பெண்களோடு ஆண்களை உட்காரவைக்க முடியாது. ஆகவே ஆர்கன், பஸூன், பெரிய பாஸ் வாத்தியம் என எல்லாவற்றையும் பெண்களே எடுக்க வேண்டியிருந்தது. டெனர், பாஸ் என்ற ஆண் குரல்களையும் அவர்களே பாடினார்கள். ஒருத்தி நோயுற்றால் இன்னொருத்தி அவள் வாத்தியத்தை எடுக்க வேண்டும். 1739-இல் வெனிஸ் வந்த பிரெஞ்சுக்காரர் ஷார்ல் தெ ப்ரோஸ், சுமார் 40 பேர் சேர்ந்து இசைப்பதைக் கேட்டு, எவ்வளவு பெரிய வாத்தியமும் இவர்களை மிரட்டுவதில்லை என்ற பொருளில் எழுதினார். பெண்ணுக்கு எது அழகான வாத்தியம், எது அடக்கமான வாத்தியம் என்று ஐரோப்பா அடுத்த நூற்றாண்டிலும் விவாதித்துக்கொண்டிருந்தது. இங்கே தேவை அந்தக் கேள்வியையே எழவிடவில்லை.

விவால்டி 1703-இல் பியெத்தாவில் வயலின் ஆசிரியராகச் சேர்ந்தார். அன்னா மரியா அப்போது சிறுமி. 'விவால்டி உருவாக்கிய மாணவி' என்றே அவரைப் பற்றி எழுதுகிறார்கள். ஆவணங்கள் காட்டும் படம் வேறு. ஆசிரியர்களை வைத்திருப்பதா வேண்டாமா என்று நிர்வாகக் குழு வாக்கெடுத்து முடிவு செய்தது. 1709-இல் விவால்டி வேலையிழந்தார். 1711-இல் திரும்ப அழைக்கப்பட்டார். 1723-இல் ஏற்பட்ட ஒப்பந்தப்படி மாதம் 2 கன்செர்ட்டோக்கள் எழுதித் தர வேண்டும், ஊரில் இருக்கும்போது சில ஒத்திகைகளுக்கு வர வேண்டும். அவர் வெளியூர்களில் ஓபரா நடத்திக்கொண்டிருந்த நாட்களில் அந்தக் குழுவை நடத்தியது யார்? உள்ளேயே வளர்ந்த மூத்த பெண்கள். தனக்குத் தெரிந்ததை இளையவர்களுக்குக் கற்றுத்தருவது ஒவ்வொருத்தியின் கடமை. அன்னா மரியா இருபதுகளின் நடுவிலேயே 'மாயெஸ்த்ரா', அதாவது ஆசிரியை என்ற நிலையை அடைந்தார். ஆண் ஆசிரியர்கள் வந்துபோனார்கள். கல்வியைக் கைமாற்றியது பெண்களின் சங்கிலி.

விவால்டி தன் கன்செர்ட்டோக்கள் பலவற்றை அன்னா மரியாவுக்கென்றே எழுதினார். வயலின், வியோலா தமோர் போன்ற வாத்தியங்களின் எல்லைகளை அவரால் சோதித்துப் பார்க்க முடிந்ததற்குக் காரணம், எழுதியதை உடனே வாசித்துக்காட்டக்கூடிய கைகள் பக்கத்தில் இருந்ததுதான். 1716-இல் பியெத்தாவில் அரங்கேறிய 'ஜூதித்தா த்ரியும்ஃபான்ஸ்' இதற்குச் சான்று. எதிரித் தளபதியின் தலையைக் கொய்யும் ஜூதித்து என்ற பெண்ணின் கதை அது. தளபதி உட்பட எல்லாப் பாத்திரங்களையும் பாடியவர்கள் பெண்களே. மாண்டலின், தியோர்போ, ஓபோ, ஆர்கன், வியோலா தமோர் என்று வாத்தியங்கள் மாறி மாறி வருகின்றன. அத்தனைக்கும் அந்த ஒரு வீட்டிலேயே ஆள் இருந்தது.

இந்தப் புகழுக்கு ஒரு விலையும் இருந்தது. தேவாலயத்தின் மேல்மாடத்தில், கம்பித் தடுப்புக்குப் பின்னால் நின்றுதான் அவர்கள் இசைத்தார்கள். கேட்பவர்களுக்கு நிழல்கள் மட்டும் தெரியும். ரூஸோ 1743-44-இல் வெனிசில் இருந்தபோது, இன்னொரு காப்பகமான மென்திகாந்தியில் இசை கேட்டார். தடுப்புக்குப் பின்னால் இருப்பவர்கள் பேரழகிகளாகத்தான் இருக்க வேண்டும் என்று கற்பனை செய்துகொண்டார். பிறகு அவர்களைச் சந்திக்க வாய்ப்புக் கிடைத்ததும், ஒருத்திக்கு ஒரு கண்தான், இன்னொருத்திக்கு அம்மைத் தழும்பு என்று குறை சொல்லித் தன் சுயசரிதையில் எழுதினார். இசையை ரசித்த பின்னும் அவர் முகத்தைத்தான் அளந்தார். இந்தப் பெண்கள் யாரிடம் கற்றார்கள், நாளுக்கு எத்தனை மணி நேரம் உழைத்தார்கள் என்று அவர் கேட்கவில்லை.

வெளியேற இரண்டு வழிகளே இருந்தன: திருமணம் அல்லது கன்னிமாடம். திருமணம் செய்தால் இனி பொதுவில் இசைப்பதில்லை என்று உறுதி கொடுக்க வேண்டும். அதாவது, இசை வேண்டுமென்றால் சுவருக்குள். குடும்பம் வேண்டுமென்றால் மௌனத்துக்குள். இதை மீறிச் சென்றவர் மென்திகாந்தியில் 7 வயதில் சேர்ந்த மத்தலேனா லொம்பார்தினி. புகழ்பெற்ற தார்த்தீனி 1760-இல் வயலின் வில்லைக் கையாளும் முறையை விளக்கி அவருக்குக் கடிதம் எழுதினார். 1767-இல் வயலின் கலைஞர் ஒருவரை மணந்த மத்தலேனா, பாரிசிலும் லண்டனிலும் மேடையேறினார். தன் படைப்புகளையும் அச்சிட்டார். கணவரும் இசைக்கலைஞர் என்பதால்தான் இந்த வழி திறந்தது. மற்றவர்களில் பெரும்பாலோருக்கு அது கிடைக்கவில்லை.

அன்னா மரியா தங்கிவிட்டார். அது தேர்வா, நிர்ப்பந்தமா என்று சொல்லத்தக்க ஒரு வரிகூட அவர் கையெழுத்தில் நம்மிடம் இல்லை. அவர் பெயர் பொறித்த வயலின் இசை ஏடு மட்டும் வெனிசின் பெனெதெத்தோ மார்ச்செல்லோ இசைக்கல்லூரியில் இருக்கிறது. அவரைப் போலவே பியெத்தாவில் வளர்ந்த அகதா, சாந்தா, மிக்கியெலினா ஆகியோர் தேவாலயப் பாடல்களுக்கு இசையமைத்தார்கள். அவற்றிலும் கொஞ்சமே மிஞ்சியிருக்கிறது.

இன்று வெனிஸ் கடற்கரையில் நிற்கும் பியெத்தா தேவாலயத்தைச் சுற்றுலாக்காரர்களுக்கு 'விவால்டியின் தேவாலயம்' என்று காட்டுகிறார்கள். அதன் கட்டுமானம் 1745-இல் தொடங்கி 1760-இல் முடிந்தது. விவால்டி 1741-லேயே வியன்னாவில் இறந்துவிட்டார். அந்தக் கட்டடத்தை அவர் பார்க்கவே இல்லை. அது எழும்பும்போதும் அதன் பிறகும் பல ஆண்டுகள் பியெத்தாவில் வாழ்ந்தவர் அன்னா மரியா. ஒரு இடத்துக்கு யார் பெயர் வைக்கிறோம் என்பதும் வரலாறு எழுதும் முறைதான். மேற்கத்திய இசையைப் படிக்கும் மாணவியர் விவால்டியின் பெயருக்குப் பக்கத்தில் இந்தப் பெண்களின் பெயர்களையும் எழுதிக்கொள்ள வேண்டும். அவர்கள் வெறும் மாணவிகள் அல்ல. அந்த இசையின் உழைப்பாளிகள், ஆசிரியைகள், பங்காளிகள்.