கவிழ்ந்து மிதக்கும் தங்கமீன்

பிரிஞ்சாங் தேயிலைத் தோட்டத்து வீடு ஒன்றை மனத்தில் நினைத்துக்கொள்ளுங்கள். விடியற்காலைக் குளிர். தொட்டியில் வளர்த்த தங்கமீன் வயிறு மேலாகக் கவிழ்ந்து மிதக்கிறது. "செத்துப் போச்சு, கொட்டிடு" என்கிறார் தாத்தா. "இல்ல தாத்தா, செவுள் அசையுது" என்கிறாள் பேத்தி. பேத்தி சொல்வதே சரி. இப்படிக் கவிழ்ந்த மீன்கள் பலவற்றை உயிரோடு கொட்டிவிடுகிறோம். அது ஏன் கவிழ்ந்தது என்பதற்கு ஆயிரம் ஆண்டு வரலாறு உண்டு.

தங்கமீனின் தாயகம் சீனா. அதன் முன்னோர் கெண்டை இனத்தைச் சேர்ந்த, மங்கிய நிறமுடைய, நீண்ட உடல் கொண்ட ஆற்று மீன். அவற்றுள் அரிதாகச் செந்நிறத்தில் பிறந்தவற்றைச் சோங் அரச மரபின் காலத்தில் (960–1279) குளங்களில் தனியே பேணி வளர்த்தார்கள். மிங் அரச மரபின் காலத்தில் (1368–1644) மீன் குளத்தை விட்டு வீட்டுச் சாடிக்குள் வந்தது. 1596-இல் சாங் சியன்டே என்பவர் இம்மீன் வளர்ப்பைப் பற்றித் தனி நூலே எழுதினார்.

சாடிக்கு வந்ததும் மனிதரின் ஆசை வளர்ந்தது. குட்டையான உடல், உருண்ட வயிறு, இரட்டை வால் ஆகியவை அழகென்று கருதப்பட்டன. அத்தகைய மீன்களையே தேர்ந்தெடுத்து இனம் பெருக்கினார்கள். பின்னர் ஜப்பானியரும் இக்கலையை வளர்த்தார்கள். உடல் குறுகியது, ஆனால் உள்ளே இருக்க வேண்டிய உறுப்புகள் குறையவில்லை. நீண்ட குடலும் காற்றுப்பையும் சிறிய இடத்தில் நெருக்குண்டன.

காற்றுப்பை என்றால் என்ன? மீன் மூழ்காமலும் மிதந்துவிடாமலும் நீரின் நடுவே நிற்க உதவும் பை அது. இத்தாலிய அறிஞர் பொரெல்லி இதைப் பற்றி எழுதிய நூல், அவர் மறைந்த மறு ஆண்டாகிய 1680-இல் வெளிவரத் தொடங்கியது. தங்கமீனின் காற்றுப்பை ஒரு மெல்லிய குழாயால் உணவுக் குழலோடு இணைந்துள்ளது. மேலும் தங்கமீனுக்கு இரைப்பை கிடையாது. உண்டது நேரே குடலுக்குச் செல்கிறது. குடலில் உணவு தேங்கி வீங்கினாலும், நீர்மட்டத்தில் தீனியோடு காற்றை விழுங்கினாலும், உருண்டை மீனின் சமநிலை கெடுகிறது.

இங்கேதான் மலைக் குளிர் வந்து சேர்கிறது. சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் உள்ள பிரிஞ்சாங்கில் இரவுக் குளிர் 16 டிகிரிக்கும் கீழே இறங்குவதுண்டு. மீனுக்குத் தனக்கென உடற்சூடு இல்லை. நீர் குளிர்ந்தால் செரிமானமும் மந்தமாகும். மாலையில் அன்போடு அள்ளிப் போட்ட தீனி விடிந்தும் குடலிலேயே கிடக்கும்.

அப்படியானால் செய்யவேண்டியது என்ன? முதலில் நீரைக் கவனியுங்கள். கால் பங்கு நீரை மாற்றுங்கள். புதிய நீர் குளோரின் நீங்கியதாகவும் அதே சூட்டில் உள்ளதாகவும் இருக்கட்டும். இரண்டு மூன்று நாள் தீனி வேண்டாம். பட்டினியால் மீன் சாகாது. தொட்டிக்குரிய சூடேற்றி இருந்தால் நீரை மெல்ல மெல்ல 20 டிகிரிக்குக் கொண்டுவாருங்கள். பிறகு வேகவைத்துத் தோல் உரித்த பச்சைப் பட்டாணியில் சிறு துண்டு கொடுக்கலாம். அதன் நார் குடலை இளக்கும். உலர்ந்த தீனியை ஊறவைத்து, அடியில் மூழ்கும்படி, சிறிது சிறிதாகப் போடுங்கள். மாலைத் தீனியைக் குறைத்துப் பகலில் கொடுப்பது நல்லது.

ஒன்றை மறைக்கக் கூடாது. பட்டாணி எல்லா நோய்க்கும் மருந்தல்ல. செதில்கள் சிலிர்த்து நின்றாலோ, உடலில் புண் தோன்றினாலோ, ஒரு வாரமாகியும் நிமிராவிட்டாலோ, அது கிருமித் தொற்றாகவோ உறுப்புக் கோளாறாகவோ இருக்கலாம். அப்போது கால்நடை மருத்துவரை நாடவேண்டும். பிறவியிலேயே காற்றுப்பை கோணிய மீன் முழுதும் நிமிராமலே போகலாம். அதற்கு ஆழம் குறைந்த நீர் கொடுத்தால், தீனி எட்டும்; அதுவும் வாழும்.

நேயர்களே, அந்த உருண்டை உடலை மீன் கேட்டு வாங்கவில்லை. நம் கண்ணுக்கு அழகாயிருக்க வேண்டுமென்று மனிதர் கொடுத்தது அது. ஆகவே அது கவிழ்ந்து மிதக்கும் நாளில், கொட்டுவதற்கு முன் அந்தச் சிறுமியைப் போலச் செவுளைப் பாருங்கள்.