பூட்டிக்கொள்ளும் உரிமை எப்படி வந்தது?

கேம் ஆடவும் ஆடுவதை அப்படியே வீடியோவாகப் பதியவும் கணினி தேடும் ஒருவர், இன்று பிராசசரை ஒரு நிறுவனத்திடமும் மதர்போர்டை வேறொரு நிறுவனத்திடமும் கிராபிக்ஸ் கார்டை மூன்றாவது நிறுவனத்திடமும் வாங்கி ஒரே கேபினட்டில் பூட்டிவிடலாம். இந்த வசதியை எந்த நிறுவனமும் மனமுவந்து கொடுத்துவிடவில்லை. 1981 ஆகஸ்டில் ஐபிஎம் தன் முதல் பெர்சனல் கம்ப்யூட்டரை அவசரமாகச் சந்தைக்குக் கொண்டுவந்தது. நேரம் போதாததால் இன்டெலின் 8088 பிராசசர், மைக்ரோசாஃப்டின் டாஸ் என்று வெளியார் சரக்கையே நம்பியது. கூடுதல் கார்டு செருகப் பலகையில் ஐந்து ஸ்லாட்டுகளை வைத்தது. மின்சுற்று வரைபடங்களையும் கணினியைத் தொடங்கிவைக்கும் பயாஸ் நிரலையும் கையேட்டிலேயே அச்சிட்டது. பயாஸின் பதிப்புரிமை மட்டும் தன்னைக் காக்கும் என்று நம்பியது. அந்த நிரலைப் பார்த்திராதவர்களைக் கொண்டு அதே வேலையைச் செய்யும் பயாஸைப் புதிதாக எழுதவைத்து, 1983-இல் காம்பாக் அந்த வேலியையும் தாண்டியது.

திறந்த கதவை மூட ஐபிஎம் முயன்றதும் உண்டு. 1987-இல் பிஎஸ்/2 கணினி வரிசையோடு வந்த மைக்ரோ சேனல் ஸ்லாட் பழைய ஸ்லாட்டைவிட வேகமானது. ஆனால் பழைய கார்டுகள் அதில் பொருந்தா, அதைப் பயன்படுத்த விரும்பும் நிறுவனங்கள் ஐபிஎம்முக்கு உரிமைத்தொகை கட்ட வேண்டும். காம்பாக் உள்ளிட்ட ஒன்பது நிறுவனங்கள் 1988-இல் கூடி, பழைய கார்டுகளையும் ஏற்கும் ஈசா என்ற மாற்றை அறிவித்தன. வீட்டுக் கணினிகளில் ஈசா பெரிதாகப் பரவவில்லை. மைக்ரோ சேனலும் நிலைக்கவில்லை. வாங்கியவர்கள் பழைய ஸ்லாட்டையே விடாமல் பிடித்துக்கொண்டார்கள். வேகத்தைவிடப் பொருத்தம் அவர்களுக்குப் பெரிதாக இருந்தது. பின்னர் இன்டெல் 1992-இல் பிசிஐ ஸ்லாட்டையும், 1995-இல் மதர்போர்டின் அளவையும் திருகுத் துளைகளின் இடத்தையும் பவர் சப்ளையையும் வரையறுத்த ஏடிஎக்ஸையும் கொண்டுவந்தது. 1996-இல் 3டிஎஃப்எக்ஸின் வூடூ கார்டு வந்தபோது, கேம் பிரியர்கள் கணினியையே மாற்றாமல் காலி பிசிஐ ஸ்லாட்டில் அதைச் செருகி முப்பரிமாணக் காட்சியைப் பெற முடிந்தது இதனால்தான்.

இது பெயரளவுச் சுதந்திரம்தான், பிராசசருக்கு இன்டெல், ஏஎம்டி என்று இரண்டே பேர்தானே என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் இதன் பயனை விற்பவர்களின் தலையை எண்ணி அளக்க முடியாது. ஒரு பாகத்தை மாற்ற மற்றவற்றைத் தூக்கி எறிய வேண்டியதில்லை என்பதே பயன். வீடியோப் பதிவே இதற்குச் சான்று. ஆட்டத்தை ஓட்டிக்கொண்டே வீடியோவைச் சுருக்குவது முன்பு பிராசசருக்குப் பெரும் சுமை. பதிவுக்கென்றே இரண்டாவது கணினி வைத்தவர்கள் இருந்தார்கள். 2012-இல் என்விடியா தன் கிராபிக்ஸ் கார்டிலேயே அதற்கெனத் தனிச் சுற்றைச் சேர்த்தது. பிசிஐக்கு அடுத்து வந்த பிசிஐ எக்ஸ்பிரஸின் பழைய ஸ்லாட்டிலும் அந்தக் கார்டு வேலை செய்தது. பவர் சப்ளை தாங்கினால் போதும், ஒரே ஒரு பாகத்தை மாற்றி இரண்டாவது கணினியைத் தவிர்க்கலாம்.

இன்னொரு மறுப்பு இதைவிட வலுவானது. ஆப்பிள் 2020-இல் எம்1 சிப்பில் பிராசசரையும் கிராபிக்ஸையும் ஒன்றாக்கி, ரேமையும் பக்கத்திலேயே பதித்தது. அந்தச் சிப் குறைந்த மின்சாரத்தில் வீடியோ வேலையைச் சிறப்பாகச் செய்கிறது. வாங்கிய நாளின் திறனை மட்டும் பார்த்தால் மூடிய கணினி வெல்லக்கூடும். ஆனால் கேம் கணினியில் எல்லாப் பாகங்களும் ஒரே வேகத்தில் பழசாவதில்லை. கிராபிக்ஸ் கார்டு சில ஆண்டுகளில் பின்தங்கிவிடும். நல்ல கேபினட்டும் பவர் சப்ளையும் அதைத் தாண்டி உழைக்கும். பதித்த ரேமைப் பிறகு கூட்டவும் முடியாது. ஐபிஎம் தன் பெர்சனல் கம்ப்யூட்டர் பிரிவை 2005-இல் லெனோவோவிடம் விற்று விலகியபோதும், அது தொடங்கிவைத்த பொருத்தம் தொடர்ந்தது. எனவே பாகம் தேடுபவர்கள் வேகப் பட்டியலைப் பார்க்கும் முன், மதர்போர்டும் பவர் சப்ளையும் பொதுத் தரத்தில் உள்ளனவா, ஒரு நிறுவனத்துக்கு மட்டுமே உரிய வடிவமா என்று பார்க்கட்டும். மற்றக் கணக்கையெல்லாம் அதற்குப் பிறகு போட்டுக்கொள்ளலாம்.