கிளிநொச்சியும் முல்லைத்தீவும்: மாவட்டம் உண்டு, தேர்தல் மாவட்டம் இல்லை

பரந்தன் – முல்லைத்தீவு வீதியில் தருமபுரத்தைத் தாண்டி விசுவமடுவுக்குள் நுழையும்போது மாவட்டம் மாறுகிறது. வயலும் பனையும் மாறுவதில்லை. 2009இல் இந்த வீதி வழியே இடம்பெயர்ந்தவர்கள் எவரும் எல்லையைப் பார்த்து நடக்கவில்லை. ஆனால் பாராளுமன்றத் தேர்தலில் இந்த எல்லை ஒரு வாக்கின் பெறுமதியையே மாற்றிவிடுகிறது.

கிளிநொச்சி, முல்லைத்தீவு இரண்டும் நிர்வாக மாவட்டங்கள். இரண்டுக்கும் கச்சேரியும் அரசாங்க அதிபரும் உண்டு. பாராளுமன்றத் தேர்தலில் மட்டும் இரண்டும் தனி மாவட்டங்கள் அல்ல. கிளிநொச்சி யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தில் ஒரு தொகுதி. முல்லைத்தீவு வன்னித் தேர்தல் மாவட்டத்தில் ஒரு தொகுதி. பேச்சுவழக்கில் கிளிநொச்சியை வன்னி என்போம். வாக்குச்சீட்டு அதை யாழ்ப்பாணம் என்கிறது. கிளிநொச்சி தனி மாவட்டமானது 1984இல். அதற்கு முன்னரே தேர்தல் மாவட்ட எல்லைகள் வகுக்கப்பட்டுவிட்டன.

2024 பாராளுமன்றத் தேர்தலில் யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தில் சுமார் 5 இலட்சத்து 93 ஆயிரம் வாக்காளர்கள், 6 ஆசனங்கள். வன்னியில் சுமார் 3 இலட்சத்து 6 ஆயிரம் வாக்காளர்கள், அங்கும் 6 ஆசனங்கள். அதாவது தருமபுரத்தில் ஏறத்தாழ 99 ஆயிரம் பேருக்கு ஒரு உறுப்பினர். விசுவமடுவில் 51 ஆயிரம் பேருக்கு ஒருவர். ஒவ்வொரு மாகாணத்துக்கும் சனத்தொகையைக் கணக்கிடாமல் வழங்கப்படும் நான்கு ஆசனங்களில் வடக்கின் பெரும்பங்கு வன்னிக்குப் போனதே காரணம். பரந்து கிடக்கும், சனம் குறைந்த நிலத்துக்கு அது நியாயமான சலுகைதான். அதே வகை நிலமான கிளிநொச்சிக்கு அது கிடைக்கவில்லை என்பதே குறை. போதாக்குறைக்கு இடப்பெயர்வாலும் புலம்பெயர்வாலும் இடாப்பு சுருங்க, யாழ்ப்பாணத்தின் ஆசனங்கள் 2010இல் 9, 2015இல் 7, 2024இல் 6 எனக் குறைந்து வந்துள்ளன.

முல்லைத்தீவுக்கு வேறொரு சிக்கல். வன்னி வாக்காளர்களில் அதன் பங்கு நான்கில் ஒன்றுக்குச் சற்றுக் கூட. மிகுதி வவுனியாவும் மன்னாரும். கேப்பாப்புலவுக் காணி, நாயாறு, கொக்கிளாய்க் கரையோர மீன்பிடி, மணலாற்றுக் குடியேற்றம் போன்ற பிரச்சினைகளைப் பேசியே ஆகவேண்டிய கட்டாயம் மற்ற இரு மாவட்டங்களின் வாக்கை நம்பி வெல்பவருக்கு இல்லை. கிளிநொச்சிக்கு இரணைமடு நல்ல உதாரணம். குளத்து நீரை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுசெல்லும் திட்டத்தை விவசாயிகள் எதிர்த்தபோது, கிளிநொச்சி வாக்காளர்கள் தேர்தல் மாவட்டத்தில் சிறு பங்கினர். தண்ணீர் போக இருந்த பக்கத்தில் மிகுதிப் பெரும்பங்கு.

கிளிநொச்சியைத் தளமாகக் கொண்ட சிவஞானம் சிறீதரன் 2010 முதல் தொடர்ந்து தெரிவாகிறாரே, 2024இல் முல்லைத்தீவின் துரைராசா ரவிகரனும் தெரிவானாரே என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் அது விருப்பு வாக்கில் கிடைத்த வெற்றி. மாவட்டத்துக்கென உறுதிசெய்யப்பட்ட ஆசனம் அல்ல.

அப்படியானால் இரண்டையும் தனித் தேர்தல் மாவட்டங்களாக்கினால் என்ன? நிர்வாக மாவட்டங்கள் 25, தேர்தல் மாவட்டங்கள் 22. அரசியலமைப்பு அனுமதிக்கும் உச்ச எண்ணிக்கை 24. எல்லா நிர்வாக மாவட்டங்களையும் பிரித்தால் 25 ஆகிவிடும். அதற்கு மூன்றில் இரண்டு பெரும்பான்மையுடன் அரசியலமைப்பைத் திருத்த வேண்டும். அதைத் தாண்டினாலும், ஓரிரு ஆசனங்கள் மட்டுமே உள்ள மாவட்டத்தில் விகிதாசாரம் பெயருக்குத்தான் இருக்கும். முதலிடம் பெறும் கட்சிக்கு ஒரு போனஸ் ஆசனம் வேறு. கிளிநொச்சியில் குடியேறிய மலையகப் பின்னணி மக்களும், முல்லைத்தீவின் முஸ்லிம்களும் இன்னும் ஓரங்கட்டப்படுவார்கள். தனி ஆசனம் கேட்பவர்கள் இதையும் சேர்த்துப் பேச வேண்டும். மாவட்டத்துக்கு ஒரு நேரடி உறுப்பினர், மாகாண மட்டத்தில் விகிதாசாரத்தைச் சரிசெய்யும் பட்டியல் என்ற கலப்புமுறை இதற்குப் பொருந்தலாம்.

ஆனால் கலப்புமுறையை எழுதும் விதம் முக்கியம். 2018 உள்ளூராட்சித் தேர்தலில் 60 வீதம் வட்டாரம், 40 வீதம் விகிதாசாரம் என்று கொண்டுவந்தார்கள். நாடு முழுவதும் உறுப்பினர் தொகை சுமார் 4,500 இலிருந்து 8,000க்கு மேல் போனது. பல சபைகளில் எவருக்கும் பெரும்பான்மை கிடைக்கவில்லை.

இந்த இரு மாவட்டங்களுக்கும் நன்றாகப் பொருந்திய முறை ஒன்று ஏற்கெனவே இருந்தது. 2013 வடமாகாண சபைத் தேர்தலில் ஒவ்வொரு நிர்வாக மாவட்டமும் தனித் தேர்தல் மாவட்டம். கிளிநொச்சிக்கு 4, முல்லைத்தீவுக்கு 5 ஆசனங்கள். இரண்டிலும் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு பெருவெற்றி பெற்றபோதும், எதிர்த்தரப்புக்குத் தலா ஓர் ஆசனம் கிடைத்தது. மாவட்டத்துக்கென ஆட்கள் இருந்தார்கள், மாற்றுக் குரலும் இருந்தது. மாகாண சபையின் அதிகாரம் போதாது என்பது வேறு வாதம்.

அந்தச் சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. பெண் வேட்பாளர் ஒதுக்கீட்டுக்கென வந்த 2017ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குள், குழுநிலையில் கலப்புமுறை செருகப்பட்டது. அதற்கான எல்லை நிர்ணய அறிக்கையை 2018 ஓகஸ்டில் பாராளுமன்றம் 139 எதிர் வாக்குகளால் நிராகரித்தது. ஆதரவாக ஒரு வாக்குக்கூட இல்லை. பழைய முறை நீக்கப்பட்டுவிட்டது, புதிய முறைக்கு எல்லைகள் இல்லை, தேர்தலும் இல்லை.

பழைய முறைக்குத் திரும்ப அரசியலமைப்பைத் தொடவேண்டியதில்லை. சாதாரண பெரும்பான்மையில் ஒரு சட்டத்திருத்தம் போதும். அதில் பெண்களுக்கான ஒதுக்கீட்டைக் கைவிடக்கூடாது. போரில் துணையை இழந்து குடும்பத்தைத் தனித்துச் சுமக்கும் பெண்கள் இவ்வளவு பேர் வாழும் இரு மாவட்டங்களில், 2017 திருத்தத்தில் காப்பாற்றத்தக்கது என்று ஏதாவது உண்டென்றால் அது அந்த ஒதுக்கீடுதான்.